கரணை கையில்... சாவி யார் கையில்?

கைவிடப்பட்ட கட்டடங்களைச் சீராக்கியபடியே கட்டட வேலை கற்ற நியூயார்க் இளைஞர்களின் கதை இது. நம்மூர் என்.எஸ்.எஸ். முகாம்களுக்கும் இதில் சேதி இருக்கிறது.

1998 ஜூலை. நியூயார்க் மாநகரக் காவல்துறைத் தலைமையகத்தின் அரங்கில் ஏலம் நடந்துகொண்டிருக்கிறது. மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. திடீரென்று அரங்கம் முழுக்கச் சில்வண்டுகள். பத்து, இருபது இல்லை, ஆயிரக்கணக்கில். ஏலத்தை எதிர்த்தவர்கள் ஒளித்து எடுத்துவந்து திறந்துவிட்டவை அவை. போலீஸ் தலைமையகத்துக்குள்ளேயே இப்படி ஒரு கலாட்டா! கூச்சலும் குழப்பமும் அடங்கியதும் ஏலம் தொடர்ந்தது.

அன்று விலைபோனவற்றில் ஒன்று, கிழக்கு 9ஆம் தெருவில் இருந்த பழைய பள்ளிக்கூடம். ஐந்து மாடி. 31.5 லட்சம் டாலருக்கு ஒரு ரியல் எஸ்டேட்காரர் எடுத்தார். சில்வண்டுகளை விட்டவர்கள் காப்பாற்ற நினைத்தது அந்தக் கட்டடத்தைத்தான். பாழடைந்து கிடந்த அதை 1979இலிருந்து பார்த்துப் பார்த்துச் சீராக்கி, அரங்கமும் ஓவியக்கூடமும் பட்டறைகளும் கொண்ட சமுதாயக்கூடமாக மாற்றியவர்கள் அந்தப் பேட்டையின் பிள்ளைகள்.

வேலை கற்ற கைகள் மிஞ்சின. கட்டடம் மிஞ்சவில்லை. ஏன் அப்படி ஆனது என்று பார்ப்பதற்கு முன்னால், வேலையைக் கற்றது எப்படி என்று பார்த்துவிடலாம்.

அடிதடியிலிருந்து முக்கோணவியலுக்கு

மன்ஹாட்டனின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது லோயர் ஈஸ்ட் சைட். கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளின் பேட்டை என்று தலைமுறை தலைமுறையாகப் பெயரெடுத்த இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே அதிகமாகின. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பையன்கள், தெருவுக்கு ஒரு கும்பல், கும்பலுக்கு ஒரு எல்லை, எல்லையைத் தாண்டினால் கத்திக்குத்து. வடசென்னையின் பழைய கதைகளைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதிபர் லிண்டன் ஜான்சன் ‘கிரேட் சொசைட்டி’ என்ற பெயரில் வறுமை ஒழிப்புத் திட்டங்களை அறிவித்த ஆண்டு 1964. அதே ஆண்டில், கும்பல்களில் இருந்து விலகிய சினோ கார்சியாவும் ஏஞ்சலோ கொன்சலேஸும் நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார்கள். ‘ரியல் கிரேட் சொசைட்டி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதிபரிடமே குசும்பு! அந்தச் சங்கம் சிறு வியாபாரங்களை நடத்திப் பார்த்தது, ‘தெருப் பல்கலைக்கழகம்’ என்ற பெயரில் இலவச வகுப்புகள் எடுத்தது. அதில் இருந்தவர்கள் பிறகு ‘சாராஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஆறு நண்பர்களின் பெயர்களில் முதல் எழுத்துகளைக் கோத்தால் வரும் பெயர் அது.

புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரை இவர்கள் தங்கள் பேட்டைக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். முக்கோணச் சட்டங்களை இணைத்து, நடுவில் தூணே இல்லாமல் குவிமாடம் எழுப்பும் முறைக்குப் பேர்போனவர் ஃபுல்லர். அவருடைய உதவியாளர் மைக்கேல் பென்-எலி தொடர்ந்து வந்து பாடம் நடத்தினார். என்ன பாடம்? திண்ம வடிவியலும் முக்கோணவியலும். பள்ளியில் கணக்கு வகுப்பென்றாலே பின்வாசல் வழியாக ஓடிய பையன்கள், ஒரு சட்டத்தை எந்தக் கோணத்தில் அறுத்தால் அடுத்ததோடு பொருந்தும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் மன்ஹாட்டன் பாலத்துக்கு அருகே குப்பை நிறைந்த காலி மனையைச் சுத்தம் செய்து, நிஜமாகவே ஒரு குவிமாடத்தை எழுப்பினார்கள். சையஸ் மோட்டல் என்பவர் கூடவே இருந்து படம்பிடித்து 1973இல் புத்தகமாகவும் போட்டார்.

குவிமாடங்களால் வீட்டுப் பிரச்சினை தீரவில்லை. தீரவும் தீராது. ஆனால் கணக்கும் கைவேலையும் ஒன்றாகப் போகும்போது, படிப்பு வராது என்று முத்திரை குத்தப்பட்டவனுக்குப் படிப்பு வருகிறது என்பதை அந்தக் காலி மனை காட்டிவிட்டது. இந்தக் கதையில் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அது.

நகரமே கைவிட்ட கட்டடங்கள்

1975இல் நியூயார்க் மாநகராட்சி திவாலாகும் விளிம்புக்குப் போனது. வாடகை வருமானத்தைவிட வரியும் பராமரிப்பும் அதிகம் என்று கணக்குப் பார்த்த வீட்டு உரிமையாளர்கள், ஏழைப் பேட்டைகளில் கட்டடங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகத் தீவைத்தவர்களும் உண்டு. ஓராண்டு வரி பாக்கி வைத்தாலே கட்டடத்தை மாநகராட்சி எடுத்துக்கொள்ளலாம் என்று 1976இல் உள்ளூர்ச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் மூன்றாண்டு பாக்கி சேரவேண்டும். விளைவு, ஆயிரக்கணக்கான பாழ் கட்டடங்களுக்கு மாநகராட்சியே சொந்தக்காரர் ஆனது. காலிக் கட்டடத்துக்குள் முதலில் நுழைபவர்கள் செம்புக் குழாயையும் மின்கம்பியையும் உருவி எடைக்குப் போடுபவர்கள். குழாய் போனால் தண்ணீர் கசியும், தண்ணீர் கசிந்தால் மரத்தளம் உளுக்கும். அடுத்த குளிர்காலத்துக்குள் கட்டடத்தின் கதை முடியும்.

ஒரு பக்கம் ஆளில்லாத வீடுகள், இன்னொரு பக்கம் வேலையில்லாத இளைஞர்கள். இரண்டையும் முடிச்சுப்போட்டதுதான் ‘வியர்வைப் பங்கு’ என்ற ஏற்பாடு. உழைப்பையே முன்பணமாகப் போடுவது. பணமிருப்பவன் பணத்தைப் போட்டு வீடு வாங்குகிறான், இல்லாதவன் வியர்வையைப் போட்டு வாங்கட்டும் என்கிற நியாயம். கிழக்கு ஹார்லெமில், 119ஆம் தெருவில் ‘ரெனிகேட்ஸ்’ என்ற கும்பலின் பையன்கள் இப்படி ஒரு கட்டடத்தைக் கையிலெடுத்தார்கள். லோயர் ஈஸ்ட் சைடில், கிழக்கு 11ஆம் தெரு 519ஆம் எண் கட்டடம் இதில் நட்சத்திரம் ஆனது. தீயில் வெந்துபோன அந்த அடுக்குமாடியை உள்ளூர்க்காரர்களே திருப்பிக் கட்டி, மொட்டைமாடியில் வெந்நீருக்குச் சூரியத் தகடுகளைப் பதித்தார்கள். 1976இல் ஒரு காற்றாலையும் வைத்தார்கள். இரண்டு கிலோவாட்தான். மிஞ்சிய மின்சாரம் தங்கள் கம்பிக்குள் வரக்கூடாது என்று மின்வாரிய நிறுவனமான கான் எடிசன் தடைபோட்டது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் ராம்சே கிளார்க் இவர்கள் பக்கம் நின்றார், இவர்களே ஜெயித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். இவர்கள் தொண்டர்கள்தான். ஆனால் வெறும் வயிற்றோடு வேலை செய்யவில்லை. 1973இல் வந்த ‘சீட்டா’ என்ற மத்திய வேலைவாய்ப்புப் பயிற்சிச் சட்டத்தின் பணத்திலிருந்து, வேலை பழகியவர்களில் பலருக்கு வாராந்திரக் கூலி கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் அந்தச் சட்டம் போனதும் பல குழுக்கள் தள்ளாடின. சேவை மனப்பான்மையை மட்டும் நம்பி ஐந்து மாடிக் கட்டடத்தைப் பழுதுபார்க்க முடியாது.

பழைய சுவர்தான் நல்ல வாத்தியார்

தொழில் கற்க ஏன் பழைய கட்டடம்? புதுக் கட்டடத்தில் கற்கக்கூடாதா?

கற்கலாம். ஆனால் புதுக் கட்டடத்தில் ஒரு சிறுவனுக்குக் கிடைப்பது ஒரே வேலை. செங்கல் சுமக்கிறவன் மாதக்கணக்கில் செங்கல் சுமக்கிறான். பழுதுபார்ப்பில் ஒரு சுவரைத் திறந்தாலே எல்லாத் தொழிலும் வரிசையாக வெளியே வருகின்றன. சுவர் ஏன் ஈரமாக இருக்கிறது என்று பார்க்கப் போனால் மேலே குழாய் ஒழுகுகிறது. பக்கத்திலேயே உறை பிய்ந்த மின்கம்பி. கீழே பார்த்தால் தளத்தைத் தாங்கும் உத்தரக்கட்டையின் நுனி மக்கிப்போயிருக்கிறது. யார் முதலில் வேலையைத் தொடங்கவேண்டும் என்று யோசிப்பதே பாதிப் படிப்பு. மக்கிய உத்தரத்தை உருவ முடியாது, உருவினால் மேல்தளம் இறங்கிவிடும். அதனால் முதலில் முட்டு கொடுத்து, பழைய கட்டையின் பக்கத்திலேயே புதுக்கட்டையை ஒட்டவைத்து, துளைபோட்டு போல்ட் முறுக்குகிறார்கள். பழையதும் புதியதும் சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன.

செங்கல் சுவரிலும் ஒரு நுட்பம் உண்டு. நூறு வருடத்துக்கு முந்தைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டது. இணைப்புகளில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டு, ‘கெட்டியாக இருக்கட்டும்’ என்று வெறும் சிமென்ட் கலவையை அடைத்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும். சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாகத்தான் இருக்கவேண்டும். நம்மூர்ப் பழைய சத்திரங்களிலும் கோயில் மதில்களிலும் சிமென்ட்டை அப்பிவைத்திருப்பதைப் பார்த்தால், இந்தப் பாடம் பதினெட்டு வயதுப் பையன்களுக்கு மட்டும் தேவையானதாகத் தெரியவில்லை.

அமெரிக்க வீடுகளில் அறைகளைப் பிரிக்கும் உட்சுவர், மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர். பலகையின் அகலம் 4 அடி, அதாவது 48 அங்குலம். சட்டங்களைப் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நட்டால், மூன்றாவது சட்டத்தின் சரிபாதியில் பலகையின் விளிம்பு வந்து உட்காரும். மீதிப் பாதியில் அடுத்த பலகை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கே ஒன்றரை அங்குல கனம் உண்டு. அதனால் மூலையிலிருந்து அளக்கும்போது முதல் சட்டத்தின் ஓரத்தைப் 16இல் வைக்கக்கூடாது, 15¼ அங்குலத்தில் வைக்கவேண்டும். அந்த முக்கால் அங்குலத்தை மறந்தவனுக்கு, நாலாவது அடியில் ஆணி அடிக்கக் கட்டை இருக்காது, வெறும் காற்றுதான் இருக்கும். பலகையைக் கழற்று, சட்டத்தைப் பிடுங்கு, மறுபடி அள. பின்னக் கணக்கைக் கரும்பலகையில் பத்து தடவை போட்டாலும் ஏறாதவனுக்கு, ஒரே ஒரு முறை சட்டத்தைப் பிடுங்கிய பிறகு ஆயுசுக்கும் மறக்காது.

தெருக்கோடியிலிருந்து சட்டமன்றத்துக்கு

பழைய கட்டடத்தைச் சீராக்கியபடியே தொழில் கற்பதை ஒரு முறையாக வகுத்து, நாடு முழுக்கக் கொண்டுபோனவர் டோரதி ஸ்டோன்மேன். ஹார்வர்டில் படித்துவிட்டு, கறுப்பர்களின் உரிமைப் போராட்டக் காலத்தில் ஹார்லெமுக்குப் போய் ஆசிரியை ஆனவர். 1978இல் கிழக்கு ஹார்லெமின் பதின்வயதுப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு கேள்வி கேட்டார். பெரியவர்கள் துணைக்கு நின்றால், உங்கள் பேட்டையை எப்படி மாற்றுவீர்கள்? பாழ் வீடுகளைப் போதை வியாபாரிகளிடமிருந்து மீட்டுத் திரும்பக் கட்டுவோம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அப்படிப் பிறந்த அமைப்பு ஒரு பாழடைந்த அடுக்குமாடியை முதலில் கையிலெடுத்தது. பிறகு நகர நிதி கேட்டுக் கூட்டணி அமைத்துப் போராடி வாங்கியது. 1990இல் ‘யூத்பில்ட் யுஎஸ்ஏ’ என்ற தேசிய அமைப்பானது. செனட்டர் ஜான் கெர்ரியும், புரூக்ளினிலிருந்து தேர்வான மேஜர் ஓவன்ஸும் மசோதா கொண்டுவந்தார்கள். 1992இல் ஜார்ஜ் புஷ் (தந்தை) கையெழுத்திட்ட வீட்டுவசதிச் சட்டத்தில் அது இடம்பெற்றது. முதலில் வீட்டுவசதித் துறையின் கீழ் இருந்த திட்டம் 2006இல் தொழிலாளர் துறைக்கு மாறியது.

சட்டத்தின் விதிகளைப் பார்த்தால் இதை எழுதியவர்களுக்குக் களம் தெரிந்திருந்தது புரியும். வயது 16 முதல் 24 வரை. ஆறு மாதத்துக்குக் குறையாமல், இரண்டு ஆண்டுக்கு மிகாமல். நேரத்தில் குறைந்தது பாதி படிப்புக்கு. விட்ட பள்ளிப் படிப்பை முடிப்பதுதான் முதல் இலக்கு. குறைந்தது 40 சதவீதம் தொழிற்பயிற்சிக்கு. ஏழைகளுக்கும் வீடற்றவர்களுக்கும் வீடு கட்டுவது பிரதானம். சமுதாயக்கூடம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கு நிதியில் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உச்சவரம்பும் உண்டு. இந்த உச்சவரம்பு எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டைச் சீராக்கினால் ஒரு குடும்பம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும், அது நல்லதுதான். ஆனால் சமுதாயக்கூடத்துக்குப் பூச்சு வேலை பார்த்த பையனை அந்தத் தெருவே பார்க்கிறது. நேற்றுவரை அவனைக் கண்டால் பையை இறுக்கிப் பிடித்தவர்கள், இன்றைக்குத் தங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி அவனிடம் கேட்கிறார்கள். இந்த லாபம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது.

கணக்குப் புத்தகத்தில் வந்ததையும் சொல்லிவிடுவோம். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் 75 மையங்களில் ஏறத்தாழ 4,000 இளைஞர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. குலுக்கல் முறையில் சிலரைத் திட்டத்தில் சேர்த்து, சிலரைச் சேர்க்காமல் விட்டு ஒப்பிட்ட ஆய்வு. பள்ளிச் சமநிலைச் சான்றிதழ் வாங்கியவர்கள், கல்லூரியிலும் தொழிற்பயிற்சியிலும் சேர்ந்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களிடையே கூடுதல். சம்பளமும் கூடியது, ஆனால் கொஞ்சம்தான். காவல்நிலையம், வழக்கு என்று அலைவதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆளுக்கு ஆன செலவு சுமார் 24,500 டாலர். நான்கு ஆண்டுக் கணக்கில் கிடைத்த பலன் அந்தச் செலவை எட்டவில்லை.

ஆதரவாளர்கள் இந்த அறிக்கையின் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள், எதிர்ப்பாளர்கள் கடைசி வரியை மட்டும். இரண்டும் உண்மை. பதினெட்டு வயதுவரை ஒரு சமூகம் செய்யத் தவறியதை ஒரே ஆண்டில் ஒரு பயிற்சி மையம் சரிசெய்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் தப்பு. அதே சமயம், ‘கரணையைக் கையில் கொடுத்தால் போதும், பையன் திருந்திவிடுவான்’ என்று மேடையில் முழங்குவதும் தப்பு.

இலவச உழைப்பைக் காட்டி எங்கள் கூலியைக் குறைத்துவிடுவார்களோ என்ற கட்டடத் தொழிலாளர்களின் கவலையும் நியாயமானது. ஆபத்தும் சின்னதல்ல. பழைய சுவரின் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், குழாய் உறையில் கல்நார் இருக்கும். இடிப்பு வேலை, கூரை வேலை, மின்ரம்பம் ஆகியவற்றில் 18 வயது நிரம்பாதவர்களை விடுவதற்கு அங்கே சட்டத்தில் கடுமையான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அனுபவமுள்ள தொழிலாளி கூடவே நிற்காத இடத்தில் இந்தத் திட்டத்தை நடத்தவே கூடாது.

பத்திரம் யார் பெயரில்?

மறுபடி 9ஆம் தெருவுக்கு. 1906வாக்கில் கட்டிமுடிக்கப்பட்ட அந்த அரசுப் பள்ளி 1977இல் மூடப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து சாராஸ் குழுவும், வியர்வைப் பங்கு வேலைகளில் பழகிய ‘அடாப்ட்-எ-பில்டிங்’ என்ற அமைப்பும் உள்ளே நுழைந்தன. குப்பையை அள்ளின, குழாயும் மின்சாரமும் போட்டன. ‘எல் போஹியோ’ என்ற பெயரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே நாடகம், சினிமா, நடனம், பிள்ளைகளுக்கான வகுப்புகள், ஊர்க் கூட்டங்கள் எல்லாம் நடந்தன.

ஆனால் அவர்கள் அங்கே குத்தகைதாரர்கள் மட்டுமே. 1990களில் பேட்டையின் நிலமதிப்பு ஏற ஏற, பாழ் கட்டடமாக இருந்தபோது யாருக்கும் வேண்டாததாக இருந்த பள்ளி எல்லோர் கண்ணிலும் பட்டது. அப்போதைய மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் ஏலத்துக்கு விட்டது. மீட்கும் போராட்டத்தின் முன்னணியில் நின்ற அர்மாந்தோ பெரெஸ் 1999இல் கொலையுண்டார். 2001 டிசம்பரில் சாராஸ் வெளியேற்றப்பட்டது. பொதுப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்ற நிபந்தனை விற்பனைப் பத்திரத்தில் இருந்தது. புதிய உரிமையாளர் மாணவர் விடுதி கட்ட நினைத்தார், அனுமதி கிடைக்கவில்லை. 2006இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் அறிவித்தார்கள். வழக்கு மேல் வழக்கு. ஊர்ப் பிள்ளைகள் உயிர்கொடுத்த கட்டடம் மறுபடி இருபது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் உதவாமல் பூட்டிக் கிடந்தது.

அதே பேட்டையில், 11ஆம் தெருக் கட்டடம் அதில் உழைத்தவர்களின் கூட்டுறவுக்குப் போனது. அத்துமீறிக் குடியேறி, தாங்களே பழுதுபார்த்து வாழ்ந்தவர்களின் 11 கட்டடங்களை 2002இல் மாநகராட்சி தலா ஒரு டாலருக்கு ஒரு லாபநோக்கற்ற அமைப்பின் வழியாக அவர்களுக்கே கொடுக்க ஒப்புக்கொண்டது. கட்டட விதிகளுக்கு ஏற்பச் சரிசெய்யவேண்டும், ஏழைகளுக்கான கூட்டுறவாகவே வைத்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஊர் ஒன்று, காலம் ஒன்று, வேலை கற்ற விதமும் ஒன்றுதான். ஒரு பக்கம் பத்திரம் இருந்தது, இன்னொரு பக்கம் இல்லை.

நம்மூர் ஏழு நாள்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. நாம் எல்லோரும் என்.எஸ்.எஸ். என்று சொல்வது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்யவேண்டும். ஏழு நாள் கிராம முகாமும் உண்டு. முகாம் என்றால் என்ன நடக்கும் என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். கோயில் வளாகத்தில் புல் செதுக்குவார்கள், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், மரக்கன்று நடுவார்கள், கடைசி நாளில் கலைநிகழ்ச்சி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. அடுத்த மழையில் வெள்ளை உரிந்துவிடும். ஓதம் ஏறிய சுவரின் மேல் அடித்த வெள்ளை வேறு என்ன செய்யும்?

நான் அந்த மாணவர்களைக் குறைசொல்லவில்லை. அவர்களிடம் சுண்ணாம்பு வாளியைக் கொடுத்தோம், யாரும் தொழிலைக் கொடுக்கவில்லை. சுவரைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், பூச்சு விட்டுப்போன இடம் ‘டொப்’பென்று சத்தம் கொடுக்கும் என்பதை ஒரு கொத்தனார் ஐந்தே நிமிடத்தில் காட்டிவிடுவார். அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, நனைத்து, கலவையை அடித்து ஏற்றி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்ப்பது ஒரு மாணவனுக்கு ஒரு வாரத்தில் ஓரளவு கைவரும். ஆனால் பூசிய சுவருக்குக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் காட்டவேண்டும். நம் முகாமே மொத்தம் ஏழு நாள்தான்! ஒரு வாரத்தில் மொத்தத்தையும் முடிக்கும் அவசரத்தை விட்டுவிட்டு, கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடத்தைத் தத்தெடுத்து அந்த 240 மணி நேரத்தையும் அதிலேயே செலவிட்டால், விரலிடுக்கில் கரணை நிற்கிற ஒரு தலைமுறை உருவாகும்.

தத்தெடுக்கக் கட்டடங்களுக்குப் பஞ்சமா? அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006 முதல் 2011 வரை, மாநிலத்தின் 12,600க்கு மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகங்கள் எழுந்தன. அவற்றில் பூட்டித் துருப்பிடித்தவற்றை, தளத்தின் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறவற்றை, உங்கள் ஊர்ப்பக்கமே பார்த்திருப்பீர்கள். சமுதாயக்கூடங்களின் நிலைமையும் பல ஊர்களில் அதுதான்.

இன்னொன்று. நம் கட்டடத் தொழிலில் சித்தாளாகச் சேர்ந்த பெண் சித்தாளாகவே ஓய்வுபெறுகிறாள். முப்பது வருடம் கலவை சுமந்தவளுக்குக் கலவை விகிதம் அத்துப்படி. ஆனால் அவள் கைக்குக் கரணை வருவதில்லை. பக்கத்துக் கேரளத்தில் பெண் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் கட்டிய கட்டடங்களும் நிற்கின்றன. ஒரு கல்லூரி தன் ஊரில் ஒரு நூலகத்தைச் சீர்படுத்தும்போது, மாணவர்களோடு உள்ளூர்ச் சித்தாள்கள் ஐந்து பேரையும் தினக்கூலி கொடுத்துப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டால், அவர்களுக்கு ஆர்பிஎல் எனும் முன்கற்றல் சான்றிதழையும் வாங்கிக்கொடுத்தால், அதைவிடப் பெரிய நாட்டு நலப்பணி என்ன இருக்கிறது?

இந்த ஆண்டு முகாமுக்கு ஊர் தேடிக்கொண்டிருக்கும் திட்ட அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாளியும் பிரஷும் வாங்குவதற்கு முன்னால் ஒரு கொத்தனாருக்கும் ஒரு எலக்ட்ரீஷியனுக்கும் வாத்தியார் சம்பளம் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிற கிராமசபையில், வேலை முடிந்தபின் கட்டடத்தை யார் திறப்பது, யார் பராமரிப்பது, வேறு எதற்கும் மாற்றக்கூடாது என்பதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.